இண்டிகேட்டர் போட்டால் ஆடும் முள்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு பத்து. திருமலைக்கு ஏறும் மலைப்பாதையில் பாதி தூரம் தாண்டி, சாலை கொஞ்சம் அகலமாகும் இடத்தில் ஒரு சிறிய வெள்ளை கார் ஓரமாக நின்றது. பானெட் திறந்திருந்தது. மூன்று ஆண்கள் குனிந்து எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எஞ்சினும் எங்களைப் பார்த்தது... அவ்வளவுதான். மூன்று பேரில் ஒருவருக்கும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

வண்டியை ஓட்டிவந்த வைதேகி இறங்கவில்லை. ஸ்டியரிங் மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவரிடம் யாராவது ஏதாவது கேட்டோமா? இல்லை. இந்த வாரப் பத்தி அதைப் பற்றித்தான்.

முதலில் அந்த முள்ளைச் சொல்லிவிடுகிறேன். டாஷ்போர்டில் ஸ்பீடு காட்டும் வட்டத்துக்குப் பக்கத்தில் எஞ்சின் சூட்டைக் காட்டும் சின்ன முள் ஒன்று உண்டு. சி என்ற எழுத்துக்கும் எச் என்ற எழுத்துக்கும் இடையே, பாதிக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். கிளம்பும்போது அங்கேதான் நின்றது. அடிவாரச் சோதனைச் சாவடியைத் தாண்டி ஏறத் தொடங்கியதும் மேலே போனது. இறங்கியது. மறுபடியும் ஏறியது. எச் என்ற எழுத்தைத் தொட ஒரு நூல் இருக்கும்போது பின் சீட்டிலிருந்து பார்த்தசாரதி, “நிறுத்தச் சொல்லுங்கோ, நிறுத்தச் சொல்லுங்கோ” என்றார். அவர் அதைச் சொன்னது என் நண்பர் சம்பத்திடம். சம்பத் ஓட்டவில்லை. அவருக்கு ஓட்டத் தெரியாது.

வைதேகி நிறுத்தினார்.

பத்திரிகை வேலையில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிடும். ஒன்றும் புரியாத இடத்தில், கண்ணில் படுவதை மட்டும் எழுதிக்கொள்வது. நோட்டை எடுத்தேன். ஆவி இல்லை. வாடை இல்லை. கூலண்ட் டப்பாவில் திரவம் இரண்டு கோடுகளுக்கு நடுவே சரியாக நிற்கிறது. ரேடியேட்டர் விசிறி சுற்றவில்லை.

கொதிக்கும் எஞ்சின் இப்படியா இருக்கும்?

இரண்டு நிமிடம் கழித்து வைதேகி சாவியைத் திருப்பிப் பார்த்தார். முள் பழைய இடத்தில் நின்றது. “ஆறிடுத்து” என்றார் சம்பத் நிம்மதியாக.

இரண்டே நிமிடத்தில். ஒரு டம்ளர் காபியே அதற்குள் ஆறாது. அதையும் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டேனே தவிர, அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

சித்தூரில் இருக்கும் நான் அந்தக் காலை நேரத்தில் அங்கே எப்படி வந்தேன் என்று கேட்பீர்கள். சம்பத் என் கல்லூரி அறைத்தோழர். திருப்பதியில் ஒரு பள்ளியில் ட்ராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பல தலைமுறைகளாகக் கோயில் கைங்கரியத்தில் இருக்கும் குடும்பம். தன் முறை வரும் நாட்களில் மலைக்குப் போய், கூட்டாகப் பாசுரம் ஓதும் கோஷ்டியில் நின்று சேவிப்பார். பக்கத்துத் தெரு பார்த்தசாரதியும் இன்னொருவரும் அதே கோஷ்டி. மூவரும் ஒரே காரில்தான் போவார்கள்.

அந்தக் காரை ஓட்டுபவர் சம்பத்தின் மனைவி வைதேகி.

சம்பத்தும் ஒரு காலத்தில் டிரைவிங் கற்கப் போனார். இரண்டாம் நாளே, இதெல்லாம் நமக்கு வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டார். கட்டிய ஃபீஸ் வீணாகிறதே என்று மீதி நாட்களுக்கு வைதேகி போனார். அப்போது அவருக்கு ஐம்பத்தொன்று. ஏழு வருடமாக மலைக்கு ஓட்டுகிறார். வண்டியில் ஒரு கீறல் கிடையாது.

கோஷ்டியில் பெண்களுக்கு இடமில்லை. ஆனால் ஏறும் வழியெல்லாம் பின் சீட்டில் அன்றைய பாசுரங்களை ஒரு முறை சொல்லிப் பார்ப்பார்கள். எங்காவது ஒரு அடி நழுவினால், ஓட்டுநர் இருக்கையிலிருந்து அது வரும். தலை திரும்பாது. கண் சாலையில்தான் இருக்கும். அடி மட்டும் வரும். நானே கேட்டிருக்கிறேன்.

கார்த்திகை மழைக்குப் பிறகுதான் இந்த முள் தொந்தரவு ஆரம்பித்தது. கூலண்ட் மாற்றினார்கள். ரேடியேட்டரைக் கழுவினார்கள். ஒரு மெக்கானிக், இந்த ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்று, எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசினார். இன்னொருவர், இதைக் கழற்றியது எந்த மகானுபாவன் என்று கேட்டுப் புதிதாக ஒன்று மாட்டினார். சென்சாரையும் மாற்றியாயிற்று.

வேடிக்கை என்னவென்றால், பட்டறையில் முள் அசையவே அசையாது. பகல் பன்னிரண்டு மணிக்கு, அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டாலும் வகுப்பில் முதல் பெஞ்சுப் பிள்ளை மாதிரி இருக்கும். மறுநாள் காலையில் மலை ஏறினால் ஆட்டம் தொடங்கிவிடும்.

வண்டியில் குறை இல்லை என்றால்? ஓட்டுபவரிடம்தானே குறை!

“வளைவுக்கு வளைவு கிளட்சை மிதிச்சுண்டே இருந்தா வண்டி சூடாகாம என்ன பண்ணும்?” இது பார்த்தசாரதியின் தீர்ப்பு. அவர் ஸ்கூட்டர்கூட ஓட்டியதில்லை. ஆனால் தீர்ப்புக்கு லைசென்ஸ் தேவையில்லையே. மூன்றாமவர் பேசாமல் பஸ்ஸுக்கு மாறிக்கொண்டார். சம்பத்துக்கு அது உறுத்தியது. கோஷ்டிக்குத் தாமதமாகப் போய் நிற்கும் நிலை வந்தால் என்ன செய்வது என்ற பயம் வேறு. தை முதல் தேதியிலிருந்து ஆக்டிங் டிரைவர் ஒருவரை வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தார். அதற்கு முன், நீயும் ஒரு தடவை எங்களோடு வந்து பார், உன் கண்ணில் ஏதாவது படும் என்று என்னை அழைத்தார். பஸ்ஸுக்குப் போனவரின் இடத்தில் நான் உட்கார்ந்தேன்.

அன்று எப்படியோ நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆண்கள் இருவரும் கோயிலுக்குள் போனார்கள். வைதேகியும் நானும் பார்க்கிங்கில் காருக்குப் பக்கத்தில் நின்று காபி குடித்தோம். மார்கழிப் பனி இன்னும் கலையவில்லை.

ஆக்டிங் டிரைவர் விஷயத்தை அவரே எடுத்தார். குரலில் புகார் எதுவும் இல்லை.

“டிரைவர் வந்துட்டா நான் எதுக்கு ஏறி வரணும், குளிர்ல ஆத்துலயே இருக்கலாமேங்கறார். கரிசனமாத்தான் சொல்றார்” என்றார். டம்ளரைக் காரின் கூரைமேல் வைத்தார். “எனக்கு அந்த நாப்பது நிமிஷம்தான் கோஷ்டி.”

நோட்டைப் புரட்டினேன். முள் எங்கெங்கே ஏறியது என்று குறித்திருந்தேன். மூன்றாவது வளைவு. ஐந்தாவது. பனி அடர்த்தியாக இருந்த ஒரு இடம். இதில் ஏதாவது தெரிகிறதா என்று அவரிடம் நீட்டினேன்.

“இதைத்தானே நான் கார்த்திகையிலேயே சொன்னேன். உங்ககிட்டயும் போன்ல சொன்னேனே.”

“என்ன சொன்னீங்க?”

“இண்டிகேட்டர் போட்டா முள் ஆடறது. லைட் போட்டா ஏறறது.”

சொல்லியிருந்தார். நினைவு வந்துவிட்டது. சம்பத்திடம் பேசி முடித்தபோது போனை அவர் வாங்கிச் சொன்னார். நான் ‘ஓஹோ’ என்றேன். அந்த ஓஹோவுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். முப்பது வருடம் செய்தி எழுதியவன் நான். விபத்து நடந்த இடத்துக்குப் போனால் முதலில் யாரிடம் பேச வேண்டும் என்று புது நிருபர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன். வண்டிக்குள் இருந்தவர் சொன்னதை ஒரு வரிகூடக் குறித்துக்கொள்ளவில்லை.

எனக்குக் கூட்டாளிகள் உண்டு. சம்பத், வண்டி குலுங்குவதால் முள்ளும் குலுங்குகிறது என்று சொல்லிவிட்டாராம். திருப்பதி மெக்கானிக் ஒருவர், வைதேகி சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு, சம்பத் பக்கம் திரும்பி, “மீரு செப்பண்டி சார்” என்றாராம். நீங்கள் சொல்லுங்கள் சார் என்று... ஓட்டவே தெரியாதவரிடம்.

காபி டம்ளர்களை ஓரமாக வைத்துவிட்டு இருவரும் காரில் ஏறினோம். அவர் எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. குலுக்கல் இல்லை, ஏற்றம் இல்லை, கிளட்ச் இல்லை.

ஹெட்லைட் போட்டார். முள் ஏறியது. அணைத்தார். இறங்கியது. கண்ணாடியில் படியும் பனியைப் போக்கும் விசிறியைச் சேர்த்துப் போட்டார். இன்னும் ஏறியது. இண்டிகேட்டர் போட்டார். டிக், டிக், டிக்... ஒவ்வொரு டிக்குக்கும் முள் ஒரு முறை துடித்தது. கடிகாரத்தில் விநாடி முள் துடிப்பது மாதிரி.

ஒரு எஞ்சின் ஒரு விநாடியில் சூடாகி அடுத்த விநாடியில் ஆறுமா?

அப்போதுதான் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. மலைப்பாதையில் காலைப் பனிக்கு ஹெட்லைட் எரிகிறது. கண்ணாடிக்காக விசிறி ஓடுகிறது. வளைவுக்கு வளைவு இண்டிகேட்டர் போடுகிறார், ஒழுங்காக ஓட்டுபவர் என்பதால். பட்டறையில் உச்சி வெயிலில் இதில் எதையும் யாரும் போடுவதில்லை. முள்ளுக்கு அங்கே ஆட என்ன இருக்கிறது?

ஆண்கள் திரும்பி வந்ததும் செய்து காட்டினோம். சம்பத் இரண்டு முறை பார்த்தார். பார்த்தசாரதி மட்டும் அசரவில்லை. கரண்ட் கோளாறா, அப்படியென்றால் தீப்பிடித்துக்கொள்ளும், இது சூடாவதைவிட மோசம் என்றார். டிரைவர் வருவது வருவதுதான் என்று அதற்குப் பொருள். முதலில் வண்டி சரியாகட்டும், பிறகு பார்க்கலாம் என்றார் சம்பத்.

வியாழக்கிழமை சித்தூருக்கு வரச் சொன்னேன். இங்கே முனிரத்தினம் என்று ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் இருக்கிறார். நகரிக்காரர். கைக்கு முன்னால் காதை நீட்டுகிற ஆள். அதனாலேயே அவரிடம் வேலை மெதுவாக நடக்கிறது என்று புகார் உண்டு.

சம்பத், வைதேகி, நான் மூவரும் போய் நின்றோம். சம்பத் ஆரம்பிக்க வாயைத் திறந்தார்.

“வண்டி யாரு ஓட்றது?” என்றார் முனிரத்தினம்.

“நான்” என்றார் வைதேகி.

“அப்ப நீங்க சொல்லுங்கம்மா.”

சம்பத் திறந்த வாயை மூடிக்கொண்டார். வைதேகி நான்கு வாக்கியத்தில் சொல்லி முடித்தார். ஒரு நல்ல செய்தியின் முதல் பத்தி மாதிரி இருந்தது. எது, எப்போது, எதோடு சேர்ந்து, எதோடு சேராமல்.

முனிரத்தினம் நீளமாக ஒரு ஒயர் எடுத்தார். ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவில் மாட்டினார். லைட்டைப் போடச் சொன்னார். முள் ஏறியது. ஒயரின் மறுமுனையை, எஞ்சினுக்குப் பக்கத்தில் பாடித் தகட்டோடு முடுக்கியிருந்த ஒரு வளையத்தின் மேல் அழுத்தினார். முள் விழுந்தது. எடுத்தார், ஏறியது. அழுத்தினார், விழுந்தது.

“வண்டி சூடாவலம்மா. முள்ளுதான் பொய் சொல்லிக்கினு கீது. எர்த் புடிக்கல. அந்தே” என்றார்.

அந்தே என்றால் தெலுங்கில் அவ்வளவுதான். எனக்கு அவ்வளவு போதவில்லை. விளக்கச் சொன்னேன். விளக்குக்கும் விசிறிக்கும் போகும் கரண்ட் வேலையை முடித்துக்கொண்டு பாடித் தகடு வழியாக பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். இந்த வண்டியில் விளக்கு, விசிறி, மீட்டர் எல்லாவற்றுக்கும் திரும்பும் வாசல் ஒரே ஒரு போல்ட். அந்த வாசல் சரியாகத் திறக்காவிட்டால், கூட்டம் சேரும்போதெல்லாம் நெரிசல். அந்த நெரிசலில் மீட்டர் தப்பாகக் காட்டும். எஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வாசல் ஏன் திறக்கவில்லை?

முனிரத்தினம் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நானும் எட்டிப் பார்த்தேன், அன்று மலையில் என் கண்ணுக்குத் தப்பிய இருட்டு மூலை அது. தகட்டின் மேல் ஒரு சக்கரம். மஞ்சள் எனாமலில், சிவப்பு ஓரக்கோடு போட்டு, நான்கு பக்கமும் தீச்சுடரோடு. அச்சு மாதிரி இருந்தது. எதிர்ப் பக்கத் தகட்டில் அதே அளவில் சங்கு. அந்த எர்த் போல்ட், சக்கரத்தின் சரியான நடு மையத்தில் இருந்தது.

“யாரு சார் வரைஞ்சது? நல்லாக் கீது.”

“நான்தான்” என்றார் சம்பத். ட்ராயிங் மாஸ்டரின் குரலில் மெல்லிய சந்தோஷம். “ஆயுத பூஜைக்கு. நடுவுல போல்ட் தோதா இருந்தது.”

“போல்ட்ட கழட்டிட்டா வரைஞ்சீங்க?”

“கழட்டாம எப்படி? மேலேயே அடிச்சா பிசிறு வருமே.”

சொல்லி முடிக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் தெரிந்தது.

போல்ட்டைக் கழற்றியிருக்கிறார். ஒயரின் வளையத்தை ஒதுக்கியிருக்கிறார். தகட்டைத் தேய்த்து, ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காயும்வரை காத்திருந்து, மூன்று பூச்சு பெயின்ட் அடித்திருக்கிறார். பிறகு வளையத்தை அந்தப் பளபளப்பின் மேலேயே வைத்து அழகாக முடுக்கிவிட்டார். பெயின்ட் வழியாகக் கரண்ட் போகாது. போல்ட்டின் மரை வழியாக ஏதோ கொஞ்சம் போய்க்கொண்டிருந்தது. கார்த்திகை மழையில் மரையும் துருப்பிடித்ததும் அதுவும் குறைந்துபோனது.

கவனித்தீர்களா? அலட்சியமான ஆளாக இருந்தால் போல்ட்டைக் கழற்றாமல் அதன் தலைமேலேயே பூசியிருப்பார். பிசிறு வந்திருக்கும். வண்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சம்பத் கவனமானவர். அதனால்தான் இரண்டு மாதம், நான்கு மெக்கானிக்குகள், ஒரு தெர்மோஸ்டாட்.

வைதேகி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்வதற்கு அவரிடம் நிறைய இருந்திருக்கும். அவர் கணவரைப் பார்க்கவில்லை. சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சுரண்டணுமா?” என்று மட்டும் கேட்டார்.

“அதும்மேல நான் பிளேடு வெக்க மாட்டம்மா” என்றார் முனிரத்தினம்.

ஒரு சாண் தள்ளி இன்னொரு போல்ட் இருந்தது. அதைக் கழற்றி, அடியில் இருந்த தகட்டை உப்புத்தாளால் வெள்ளி மாதிரி மின்னும்வரை தேய்த்து, வளையத்தை அங்கே மாற்றி முடுக்கினார். துருப்பிடிக்காமல் கொஞ்சம் கிரீஸ். இருபது நிமிட வேலை. லைட், விசிறி, இண்டிகேட்டர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடச் சொன்னார். முள் பாதிக்குச் சற்றுக் கீழே நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

“நடுவுல ஓட்டை தெரியறதே” என்றார் சம்பத் சக்கரத்தைப் பார்த்து.

முனிரத்தினம் டப்பாவில் தேடி, பளபளப்பான பழைய போல்ட் ஒன்றை எடுத்து அந்த மையத்தில் திருகினார். இப்போது அதற்கு ஒரு வேலையும் கிடையாது. அழகுக்கு இருக்கிறது.

கிளம்பும்போது வைதேகி அவரிடம் கேட்டார். “இதுல கிளட்ச் ஒண்ணும் இல்லையே?”

“கிளட்ச்சா? அதுக்கும் இதுக்கும் இன்னாம்மா சம்மந்தம்?”

“ஒண்ணுமில்லை. காதுல விழட்டும்னு கேட்டேன்.”

விழ வேண்டிய காது பக்கத்திலேயே இருந்தது. சம்பத் கொஞ்ச தூரம் நடந்து போய் போனை எடுத்தார். திரும்பி வருவதற்குள் பேச்சின் கடைசி வரி மட்டும் எங்களுக்குக் கேட்டது.

“வேண்டாம்ப்பா. ஆத்துலயே ஓட்டறவா இருக்கா.”

ஆக்டிங் டிரைவருக்கு அத்தோடு தை பிறக்கவில்லை.

ஒரு கோளாறைக் கண்டுபிடிக்க எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. கம்ப்யூட்டரைச் செருகினால் நோயைச் சொல்கிறது. இருந்தாலும் தினமும் அந்த வண்டியில் உட்காருபவரிடம், என்ன பார்த்தீர்கள் என்று கேட்க ஒரு செலவும் ஆகாது. கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை வேறு யார் பக்கமும் திரும்பாமல் இருக்க வேண்டும். அங்கேதான் நமக்குக் கழுத்து நிற்பதில்லை. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்த ‘ஓஹோ’வுக்காக வைதேகியிடம் மன்னிப்புக் கேட்டேன். நோட்டில் எழுதிக்கொண்டீர்களா என்று கேட்டார். எழுதிக்கொண்டேன்.

இந்தத் திங்கட்கிழமை மறுபடியும் அவர்களோடு மலை ஏறினேன். பின் சீட்டில் மூன்று பேர், முன்னால் நான். பஸ்ஸுக்குப் போனவர் ஒரு விளக்கமும் சொல்லாமல் திரும்பி வந்து, ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டார். அதே பனி. ஹெட்லைட் எரிந்தது. பார்த்தசாரதி என் முதுகுக்குப் பின்னாலிருந்து, சித்தூர் எலெக்ட்ரீஷியன் கைராசிக்காரர், ஒரே நாளில் பிடித்துவிட்டாரே என்று மெச்சினார். சம்பத் தொண்டையைக் கனைத்தார். முதலில் கண்டுபிடித்தது யார் என்றும், பெயின்ட் அடித்தது யார் என்றும் சொன்னார். இரண்டையும் சொன்னார். அதை நான் கவனித்தேன்.

பிறகு பாசுரம் தொடங்கியது. நான்காவது அடியில் யாரோ தடுமாறினார்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து அடி வந்தது.

அடுத்து ஒரு நேர்ச் சாலை. முன்னால் வண்டி இல்லை, பின்னால் வண்டி இல்லை. வைதேகி இண்டிகேட்டர் போட்டார். டிக், டிக், டிக்... முள் ஆணி அடித்த மாதிரி நின்றது. எட்டு எண்ணும்வரை விட்டுவிட்டு அணைத்தார்.

வளைவே இல்லாத இடத்தில் எதற்கு இண்டிகேட்டர் என்று பின் சீட்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.